36 வயதில் ஹெல்த்கெயார் அப்ரென்டிஸ்ஷிப்: எடுக்கலாமா, விடலாமா?

வன்னிமுல்லை:
எல்லாருக்கும் வணக்கம். நான் கிழக்கு லண்டனில் இருக்கிறேன், ஸ்பவுஸ் விசாவில் வந்து நாலு வருடம் முடிந்துவிட்டது. ஊரில் ஏ.எல். பயோ படித்தேன், கம்பஸுக்குப் புள்ளி காணாது, பிறகு கலியாணம், பிள்ளை, இங்கே வந்து சூப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்கும் வேலை. இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் வயோதிபர் வோர்டில் ஹெல்த்கெயார் சப்போர்ட் வேர்க்கர் (நேர்ஸுக்குக் கீழே நோயாளிகளைப் பராமரிக்கிறவர்) அப்ரென்டிஸாக, அதாவது சம்பளத்தோடு வேலை செய்துகொண்டே படிக்கிற ஆளாக, இடம் கிடைத்திருக்கிறது, தொடக்கப் படியான லெவல் 2. இன்டர்வியூ முடிந்து கடிதமும் வந்துவிட்டது, நான் ஓம் என்று சொல்வதுதான் மிச்சம்.

கணவர் செய் என்கிறார். அவருடைய பக்கத்து ஆட்கள் "பீ மூத்திரம் அள்ளவா லண்டன் வந்தனி" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. சம்பளம் அந்த அப்ரென்டிஸ் ரேட்டில்தானா? ஆங்கிலம், கணக்குப் பரீட்சை இருக்கிறதாமே? ஆண் நோயாளிகளையும் கழுவித் துடைக்க வேண்டுமா? இதிலிருந்து நேர்ஸ் ஆகலாமா, அல்லது கடைசிவரை இதுதானா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

தேம்ஸ்கரை:
தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். நான் நேர்ஸ், வோர்டுக்குப் புதிதாக வருகிற சப்போர்ட் வேர்க்கர்களைப் பழக்குவதுதான் இப்போது என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சம்பளம்: சட்டப்படி அப்ரென்டிஸ் குறைந்த சம்பளம் என்று ஒன்று இருக்கிறது, 2026 ஏப்ரலிலிருந்து மணிக்கு 8 பவுண். 19 வயதுக்குக் கீழே உள்ளவருக்கும், எந்த வயதென்றாலும் முதல் வருடத்துக்கும் அதைக் கொடுக்கலாம். 21 வயதுக்கு மேற்பட்ட மற்ற வேலையாட்களுக்கு 12.71. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கோ. ஆனால் பல என்.எச்.எஸ். டிரஸ்டுகள் (அரசு ஆஸ்பத்திரிகளை நடத்துகிற அமைப்புகள்) இந்த வேலைக்கு நேராக பேண்ட் 2 சம்பளமே கொடுக்கின்றன (பேண்ட் என்பது என்.எச்.எஸ். சம்பளப் படி), 2025–26இல் அது வருடத்துக்கு 24,465 பவுண். லண்டன் உள்பகுதி என்றால் அதற்கு மேல் 20 சதவீதம், வெளிப்பகுதி என்றால் 15. இரவும் சனிக்கிழமையும் பேண்ட் 2க்கு 41 சதவீதம் கூட, ஞாயிறும் பொது விடுமுறையும் 83. உங்கள் கடிதத்தில் 'பேண்ட் 2' என்று எழுதியிருக்கிறதா, 'அனெக்ஸ் 21' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கோ. இரண்டாவது என்றால் படித்து முடிக்கும்வரை சம்பளத்தில் ஒரு பங்குதான் வரும்.

பரீட்சை: 2025 பிப்ரவரியிலிருந்து 19 வயது தாண்டியவர்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் கட்டாயமில்லை, வேலை கொடுப்பவர் விரும்பினால் விட்டுவிடலாம். ஆனால் விடாதீர்கள். மேலே போவதற்கு நர்சிங் அசோசியேட் (சப்போர்ட் வேர்க்கருக்கும் நேர்ஸுக்கும் இடையிலான படி) படிக்க வேண்டும், அங்கே இரண்டிலும் லெவல் 2 கேட்பார்கள். இப்போதே கூடச் சேர்த்து முடித்துவிட்டால் பிறகு ஒரு வருடம் இழுபடாது.

கழுவுவது: ஓம், ஆண்களையும்தான். வயோதிபர் வோர்டில் அதுதான் காலை வேலையின் பெரும்பகுதி. ஆனால் எப்படிச் செய்வது என்று பழக்குவார்கள். திரையை இழுத்து மூடுவது, கழுவுகிற இடத்தை மட்டும் திறந்து மற்றதைத் துவாயால் மூடி வைப்பது, அவராலே முடிந்ததை அவர் கையாலே செய்ய விடுவது, தொடுமுன் ஒவ்வொரு முறையும் சொல்லிக் கேட்பது. ஒரு அய்யா பெண் பிள்ளை வேண்டாம் என்றால் ஆண் ஒருவரை அழைக்கலாம். முதல் வாரம் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். அவர்களுக்கு உங்களைவிடக் கூச்சம் என்பது அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும்.

நேர்கோடு:
எல்லாரும் வாழ்த்துச் சொல்வதால் மற்றப் பக்கத்தை நான் சொல்கிறேன். நான் ஒரு கெயார் ஹோமில் இதே லெவல் 2 செய்தேன், பெயர் வேண்டாம். அப்ரென்டிஸ் ரேட்டில் எடுத்தார்கள், முதல் வாரமே முழு ஆளாகக் கணக்கில் போட்டார்கள், படிப்பு நேரம் என்பது காகிதத்தில் மட்டும்தான். ஒன்லைன் மொடியூல்களை நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டில் வந்து செய்தேன். டியூட்டர் ஸூமில் வருவார், "எல்லாம் சரிதானே" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். கடைசியில் சர்டிபிகேட் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் கற்றது எல்லாம் என்னோடு வேலை செய்த ஒரு ஃபிலிப்பினோ அக்காவிடம் கற்றதுதான், கோர்ஸில் கற்றது இல்லை.

ஆஸ்பத்திரிகளுக்கும் இதில் ஆதாயம் இருக்கிறது. வருடச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுணைத் தாண்டிய எந்த இடமும் 2017 ஏப்ரலிலிருந்து அதற்கு மேலான தொகையில் 0.5 சதவீதத்தை அப்ரென்டிஸ்ஷிப் லெவி என்ற வரியாக அரசுக்குக் கட்டுகிறது. அந்தக் காசைப் பயிற்சிக்குத்தான் திரும்ப எடுக்கலாம், சம்பளம் கொடுக்க எடுக்க முடியாது. ஆக ஏற்கெனவே கட்டிய காசுக்கு ஆள் தேடுகிறார்கள். இது தவறு என்று சொல்லவில்லை, ஆனால் உங்களுக்கு உபகாரம் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். உரிமையோடு போங்கள்.

தேம்ஸ்கரை:
நேர்கோடு சொல்வது நடக்கிறதுதான், மறுக்க மாட்டேன். அதனால்தான் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும் என்கிறேன்.

படிப்பு நேரம் சம்பளம் தருகிற வேலை நேரத்துக்குள்தான் இருக்க வேண்டும், அது விதி. முன்பு வாரத்துக்குக் குறைந்தது 6 மணி நேரம் என்றிருந்தது, 2025 ஆகஸ்ட்டுக்குப் பிறகு தொடங்குகிறவர்களுக்கு ஒவ்வொரு கோர்ஸுக்கும் மொத்தமாக இத்தனை மணி என்று ஒரு குறைந்தபட்ச எண் இருக்கிறது. அந்த எண் உங்கள் டிரெய்னிங் பிளானில் எழுதியிருக்கும். நீங்கள், ஆஸ்பத்திரி, பயிற்சி கொடுக்கிற நிறுவனம், மூன்று பேரும் கையெழுத்துப் போடுகிற தாள் அது. வீட்டில் நள்ளிரவில் மொடியூல் செய்தால், அந்த நேரத்துக்குச் சம்பளமோ பதில் லீவோ தராமல் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

வோர்ட் மனேஜரிடம் நான் கேட்கச் சொல்வது இவ்வளவும்தான்: ரோட்டாவில் (ஷிஃப்ட் பட்டியலில்) என் படிப்பு நாள் எந்த நிறத்தில், எந்தக் கிழமையில் போடப்படும்? அன்றைக்கு ஆள் குறைந்தால் என்னைத் திரும்ப வோர்டுக்கு இழுப்பீர்களா, இழுத்தால் அந்த நாளை எப்போது திருப்பித் தருவீர்கள்? முதல் சில வாரம் நான் ஆள் கணக்கில் இல்லாமல் கூடுதலாக நிற்பேனா? என்னைப் பழக்கப்போகிறவர் யார், அவருடைய ஷிஃப்ட்டும் என்னுடையதும் ஒத்து வருமா? இதற்கு மனேஜர் நேராகப் பதில் சொன்னால் நல்ல வோர்ட். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் இன்னொரு முறை எழுத்தில் கேளுங்கோ.

கடைசியில் என்ன நடக்கும் என்றும் கேட்பீர்கள். முதல் மூன்று மாதத்தில் கெயார் சர்டிபிகேட், அதாவது அடிப்படைப் பராமரிப்புப் பயிற்சிக்கான சான்று. மிட் ஸ்டாஃபர்ட்ஷியர் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கவனிப்பாரற்றுப் போன விவகாரம் பற்றி 2013இல் ஃபிரான்சிஸ் அறிக்கை வந்தது நினைவிருக்கலாம். அதே வருடம் கேவண்டிஷ் அறிக்கை, சப்போர்ட் வேர்க்கர்களுக்கு நாடு முழுவதும் ஒரே மாதிரியான அடிப்படைப் பயிற்சியே இல்லை என்று சொன்னது. 2015 ஏப்ரலில் கெயார் சர்டிபிகேட் வந்தது அதனால்தான். அதன் பிறகு செய்த வேலைக்கான சான்றுகளைப் போர்ட்ஃபோலியோவாகச் சேர்ப்பீர்கள். வருடக் கடைசியில் நான் பழக்குகிற பிள்ளைகளுக்கு இதுவரை இருந்தது ஒரு பல்தேர்வுப் பரீட்சை, வோர்டில் வேலை செய்யும்போது வெளியாள் ஒருவர் வந்து பார்ப்பது, போர்ட்ஃபோலியோவை வைத்து ஒரு பேச்சு. பரீட்சை முறையை இப்போது மாற்றிக்கொண்டு வருகிறார்கள், அதனால் உங்கள் பேட்சுக்கு எது என்று டியூட்டரிடமே கேளுங்கோ.

குரொய்டன் தம்பி:
அக்கா, நான் லெவல் 2 முடித்து இப்போது லெவல் 3, சீனியர் சப்போர்ட் வேர்க்கர். மெடிக்கல் வோர்ட். கழுவித் துடைப்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், நான் ஒப்ஸ், அதாவது நாடி, மூச்சு போன்றவற்றை அளந்து எழுதுவது பற்றிச் சொல்கிறேன்.

நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று காட்டுகிற நியூஸ் 2 என்று ஒரு சார்ட் இருக்கிறது, ரோயல் காலேஜ் ஒஃப் ஃபிசிஷியன்ஸ் 2017இல் கொடுத்தது. மூச்சு, ஒக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, நினைவு, காய்ச்சல், ஆறுக்கும் புள்ளி. கூட்டி 5 வந்தால் அவசரமாக நேர்ஸும் டொக்டரும் பார்க்க வேண்டும், 7 வந்தால் எமர்ஜென்சி டீம். ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். மெஷின் ரத்த அழுத்தத்தையும் நாடியையும் ஒக்சிஜனையும் சொல்லிவிடும். மூச்சை மெஷின் எண்ணாது, நீங்கள்தான் எண்ண வேண்டும், அதனால் அதைத்தான் எல்லாரும் சும்மா 16, 18 என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். பழைய சார்ட்டுகளைப் புரட்டிப் பாருங்கள், ஒரு வோர்ட் முழுக்க ஒரே மாதிரி மூச்சு விட்டிருப்பார்கள்.

எனக்குப் பழக்கிய நேர்ஸ் சொன்னது: நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணு. எண்ணுகிறாய் என்று தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். ஒரு நாள் பின்னேரம் ஒருவர் மகளோடு போனில் நல்லாகப் பேசி முடித்துவிட்டுப் படுத்திருந்தார், பார்த்தால் ஒன்றும் இல்லை, எண்ணினால் 26. 25 அல்லது அதற்கு மேல் என்றால் அதற்கே 3 புள்ளி. சந்தேகத்தில் திரும்பவும் எண்ணினேன், அதேதான். போய் நேர்ஸைக் கூட்டி வந்தேன். டொக்டர் வந்து நெஞ்சில் வைத்துக் கேட்டார், எக்ஸ்ரே எடுத்தார்கள், நிமோனியா தொடங்கியிருந்தது. காய்ச்சலே இரவில்தான் வந்தது.

இதைச் செய்கிற ஆளைத்தான் "பீ அள்ளுகிறவன்" என்கிறார்கள்.

அப்புறம் இன்னொன்று. ஒப்ஸ் எடுப்பது, ரத்தம் எடுப்பது, கானுலா (நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்) போடுவது எல்லாம் பேண்ட் 3 வேலை, பேண்ட் 2 என்றால் கழுவுவது, உணவூட்டுவது, நகர்த்துவது போன்ற நேரடிப் பராமரிப்பு. 2021 ஆகஸ்ட்டில் நாடளாவிய ஜொப் புரொஃபைலில் இதைத் தெளிவாகப் பிரித்து எழுதினார்கள். அதன் பிறகு யூனிசன் யூனியன் பல டிரஸ்டுகளில் போராடி, பேண்ட் 2 சம்பளத்தில் பேண்ட் 3 வேலை செய்தவர்களுக்குப் பின்பாக்கி வாங்கிக் கொடுத்தது. முதல் நாளே யூனியனில் சேருங்கள். படிக்கும்போது ஒப்ஸ் பழகுவது சரி, ஒரு வருடம் கழித்தும் தினமும் தனியே அதைச் செய்துகொண்டு பேண்ட் 2இல் நிற்காதீர்கள்.

இரண்டு பிள்ளை அம்மா:
இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் மகளுக்கு 17, அவளும் யூனி வேண்டாம் இதற்குப் போகிறேன் என்கிறாள். விடலாமா?

தேம்ஸ்கரை:
விடலாம், ஆனால் இரண்டு விஷயம் பார்த்துவிட்டு விடுங்கோ. சம்பளத்தோடு அப்ரென்டிஸ்ஷிப் தொடங்கினால் அவளுக்காக உங்களுக்கு அரசு தருகிற சைல்ட் பெனிஃபிட் காசு நிற்கும். அடுத்தது, 18 வயதுக்குக் குறைந்தவரை ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணிக்கு மேல் பொதுவாக வேலை வாங்க முடியாது, வோர்டோ 12 மணி நேர ஷிஃப்ட்டில் ஓடுகிறது, ஆகவே பல இடத்தில் 18 ஆகட்டும் என்பார்கள். அதுவரை காலேஜில் ஹெல்த் டி லெவல் (ஏ.எல். மட்டத் தொழிற்படிப்பு) செய்யலாம், அதிலும் 315 மணி நேரமாவது ப்ளேஸ்மென்ட், அதாவது வேலையிடப் பயிற்சி, உண்டு, சைல்ட் பெனிஃபிட்டும் தொடரும். அவள் வயதில் ஆங்கிலம், கணக்கு விலக்கு இல்லை, ஜி.சி.எஸ்.இ. (16 வயதில் எழுதுகிற பரீட்சை) பாஸ் என்றால் கவலையில்லை.

பினாங்கு ஆன்ட்டி:
பிள்ளைகளே, நான் ஓய்வு பெற்ற தாதி, 1970களின் தொடக்கத்தில் மலேசியாவிலிருந்து இங்கே பயிற்சிக்கு வந்தவள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது இங்கே இரண்டு வகைத் தாதியர். மூன்று வருடம் படித்தால் ஸ்டேட் ரெஜிஸ்டர்ட் நர்ஸ். இரண்டு வருடம் படித்தால் ஸ்டேட் என்ரோல்ட் நர்ஸ், 1943 சட்டத்தோடு உதவித் தாதிகளுக்கென்று தொடங்கிய பட்டியல் அது. கரீபியனிலிருந்து, மலேசியாவிலிருந்து, மொரீஷியஸிலிருந்து, இலங்கையிலிருந்து வந்த எங்களில் பல பேரை இரண்டாவது பட்டியலில்தான் சேர்த்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டோம், யாரும் உட்கார வைத்து விளக்கவில்லை. இராப்பகலாக ஒரே வேலைதான் செய்தோம். ஆனால் சிஸ்டர் பதவிக்குக் கேட்டால் நீ என்ரோல்ட் என்பார்கள். ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று பார்த்தவர்களுக்கு அங்கே அந்தத் தகுதிக்கு மதிப்பு இருக்கவில்லை. 80களின் கடைசியில் புரொஜெக்ட் 2000 என்ற தாதியர் பயிற்சிச் சீர்திருத்தம் வந்து என்ரோல்ட் பயிற்சியையே நிறுத்தினார்கள். நான் கன்வெர்ஷன் கோர்ஸ் செய்து மேலே வந்தேன், வீட்டில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு. என்னோடு வந்த தோழிகள் பலருக்கு லீவு கொடுக்கவில்லை, அவர்கள் கடைசிவரை என்ரோல்டாகவே ஓய்வு பெற்றார்கள்.

முல்லை, நீ இந்த வேலையை எடு. ஆனால் எந்தப் படியில் கால் வைக்கிறாய், அதற்கு அடுத்த படி எங்கே இருக்கிறது, அதில் ஏற விடுவார்களா என்று முதலே தெரிந்துகொண்டு எடு. எங்களுக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை, உனக்குக் கேட்க இத்தனை பேர் இருக்கிறார்கள்.

தேம்ஸ்கரை:
ஆன்ட்டி, இதை நீங்கள் எழுதியதற்கு நன்றி. என் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

அடுத்த படி இப்போது இப்படி இருக்கிறது. லெவல் 2 ஏறத்தாழ ஒரு வருடம். அதன்பின் லெவல் 3 செய்யலாம், அல்லது இடம் கிடைத்தால் நர்சிங் அசோசியேட், அது லெவல் 5, இரண்டு வருடம், அதுவும் அப்ரென்டிஸ்ஷிப்தான், கடன் இல்லை, முடித்தால் பேண்ட் 4. தாதியரைப் பதிவு செய்கிற அமைப்பான என்.எம்.சி.யின் பதிவேட்டில் 2019 ஜனவரியிலிருந்து அவர்களையும் சேர்க்கிறார்கள். ஆனால் முல்லை, இந்தப் பதிவு எல்லா இடத்திலும் செல்லாது, ஸ்காட்லாந்துக்கு வீடு மாறினால் அந்தப் பெயரில் வேலை இல்லை. ஆன்ட்டி சொன்ன கதை இதனால்தான் இன்றைக்கும் பொருந்துகிறது. அசோசியேட் படிப்பைக் கணக்கில் எடுத்து, அதற்கு மேல் சுமார் இரண்டு வருடத்தில் முழு நேர்ஸ் டிகிரி முடிக்கலாம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் உங்களுக்கு 41, 42 வயதில் ரெஜிஸ்டர்ட் நேர்ஸ். வயது எல்லை கிடையாது.

தடையாக வருவது இடம்தான். ஒருவரை யூனிக்கு அனுப்பினால் அந்த ஷிஃப்ட்டுக்கு வேறு ஆள் போட வேண்டும், அந்தச் செலவை லெவிக் காசில் எடுக்க முடியாது. அதனால் ஒவ்வொரு வருடமும் சிலரைத்தான் அனுப்புகிறார்கள், போட்டி இருக்கிறது. "போன வருடம் இந்த வோர்டிலிருந்து எத்தனை பேரை அசோசியேட்டுக்கு அனுப்பினீர்கள்" என்பதையும் உங்கள் கேள்வியோடு சேர்த்துவிடுங்கோ.

மதுரைக்காரி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, மதுரையில் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தவள். கணவருடைய டிபெண்டன்ட் விசாவில் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, இங்கே ஒரு வார்டில் ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்டாக இருக்கிறேன். நானும் இந்த அப்ரென்டிஸ்ஷிப் செய்தால் சீக்கிரம் நர்ஸ் ஆகலாமா?

தேம்ஸ்கரை:
வேண்டாம் தங்கச்சி, உங்களுக்கு இது சுற்றுவழி. முதலில், அரசுக் காசில் அப்ரென்டிஸ்ஷிப் செய்ய உங்களுக்கு மூன்று வருடம் இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும், அது இன்னும் ஆகவில்லை. முல்லைக்கு நாலு வருடம் ஆனதால் பிரச்சினையில்லை. இரண்டாவது, நீங்கள் ஏற்கெனவே நேர்ஸ். என்.எம்.சி.யில் நேராக விண்ணப்பியுங்கோ: கம்ப்யூட்டர் பரீட்சை சி.பி.டி., அது முடிந்து பத்து ஸ்டேஷன் உள்ள செய்முறைப் பரீட்சை ஓஸ்கி. ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ்.இல் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7, அல்லது மருத்துவத் துறைக்கான ஆங்கிலப் பரீட்சை ஓ.இ.டி.யில் எழுத்துக்கு சி பிளஸ், மற்றதற்கு பி. நீங்கள் ஆங்கில வழியில் நர்சிங் படித்திருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. இங்கே ஒரு வருடம் சுகாதாரத் துறையில் வேலை செய்திருந்தால் உங்கள் மனேஜர் உங்கள் ஆங்கிலத்துக்குச் சான்று எழுதிக் கொடுக்கலாம், 2023 பிப்ரவரியிலிருந்து என்.எம்.சி. அதை ஏற்கிறது. வோர்ட் மனேஜரிடம் இந்த வாரமே பேசுங்கோ. ஐ.சி.யூ. அனுபவத்தோடு நீங்கள் அசிஸ்டென்ட்டாக நிற்பது நோயாளிகளுக்கும் நட்டம்.

மதுரைக்காரி:
அக்கா, அந்தச் சான்று விஷயம் எனக்கு யாருமே சொல்லவில்லை. ரொம்ப நன்றி. நாளைக்கே கேட்கிறேன்.

நேர்கோடு:
உறவினர் சொன்ன அந்த வார்த்தை பற்றி யாரும் முழுதாகப் பேசவில்லை, நான் பேசுகிறேன். அடுத்தவர் உடம்பைத் தொட்டுச் சுத்தம் செய்வது இழிந்த வேலை என்று நம் ஊரில் நினைப்பது வெறும் அருவருப்பினால் இல்லை, சாதியினால். எந்த வேலையை யார் செய்ய வேண்டும் என்று பிரித்து வைத்துப் பழகிய வாய்தான் லண்டனிலும் அதைச் சொல்கிறது. அதே ஆட்கள் தங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வோர்டில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தால் நல்லது என்று தேடுவார்கள். படிப்பு நேரத்தைத் திருடுகிற முதலாளி மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் வேலை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் அதே துறையில்தான் இருக்கிறேன்.

தேம்ஸ்கரை:
தமிழ்ப் பிள்ளை இருந்தால் நல்லது என்றீர்களே, அதற்கு ஒரு உதாரணம், ஆளை அடையாளம் காட்டாமல் சொல்கிறேன். ஆங்கிலம் தெரியாத ஒரு அம்மா, அமைதியாக ஏதோ பேசிக்கொண்டு படுத்திருப்பார், எல்லாரும் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள், சார்ட்டில் நினைவு சரி என்று எழுதியிருந்தது. என் அப்ரென்டிஸ் ஒருத்தி, தமிழ்ப் பிள்ளை, தலையணை உறை மாற்றப் போனவள் காதில் விழுந்தது, "கன்றை அவிழ்த்துக் கட்டினியா, பால் முழுக்கக் குடிச்சிடும்" என்று அந்த அம்மா அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அவள் அதை விளையாட்டாக எடுக்காமல் நேர்ஸிடம் சொன்னாள். மகனுக்குப் போன் பண்ணிக் கேட்டால், போன கிழமைவரை பேரப்பிள்ளையின் பாடசாலைக் கதையெல்லாம் பேசினவராம். புதிதாக வந்த குழப்பம், நியூஸ் 2இல் அதற்கு 3 புள்ளி. பார்த்தால் சிறுநீர்த் தொற்று, அதனால் வந்த டெலிரியம். மருந்து தொடங்கியதும் தெளிந்துவிட்டார்.

ஆனால் முல்லை, ஒன்றைக் கவனியுங்கோ. தண்ணி வேணுமா, நோகுதா என்று தமிழில் கேட்பது நல்லது. ஒப்பரேஷனுக்குச் சம்மதம் வாங்குவது, நோயைப் பற்றி விளக்குவது என்றால் மொழிபெயர்க்க உங்களைக் கூப்பிடுவார்கள், மறுத்துவிடுங்கோ. அதற்கு ஆஸ்பத்திரியில் இன்டர்பிரட்டர் சேவை இருக்கிறது.

நிறத்தையும் சொல்ல வேண்டும். படுக்கைப் புண் தொடங்கும்போது தோல் சிவக்கும் என்று புத்தகத்தில் இருக்கும். நம் தோலில் அப்படிச் சிவப்பாகத் தெரியாது. குதிக்கால், இடுப்பு, நாரி எலும்பு, இந்த இடங்களைக் கையால் தொட்டுப் பாருங்கோ: சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கல்லுப்போல் இருக்கிறதா, நிறம் இன்னும் கறுத்திருக்கிறதா, அங்கே நோகிறது என்கிறாரா. விரலில் மாட்டுகிற ஒக்சிஜன் கருவியும் கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். எண் நன்றாக இருந்தும் ஆள் களைத்துப்போனால், எண்ணை நம்பாமல் ஆளைப் பார்த்துச் சொல்லுங்கோ.

வன்னிமுல்லை:
எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். மனேஜருக்கு நீங்கள் சொன்ன கேள்விகளை ஈமெயிலில் அனுப்பினேன், கோபப்படுவாவோ என்று பயந்தேன், அன்றைக்கே போன் எடுத்தா. கடிதத்தில் பேண்ட் 2 தான், அனெக்ஸ் 21 இல்லை. புதன்கிழமை படிப்பு நாள், ரோட்டாவில் தனியாக இருக்கும், ஆள் குறைந்து இழுத்தால் அதே மாதத்துக்குள் திருப்பித் தருவதாகச் சொன்னா, எழுதியும் அனுப்பினா. முதல் நாலு வாரம் ஆள் கணக்கில் இல்லை. அசோசியேட்டுக்குப் போன வருடம் அந்த வோர்டிலிருந்து ஒருவர் போயிருக்கிறா, அவரே என்னைப் பழக்குவாவாம். ஆங்கிலம், கணக்கு வேண்டாம் என்றார்கள், நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஓம் என்று பதில் அனுப்பிவிட்டேன். நேர்கோடு அண்ணா, நீங்கள் எழுதியிருக்காவிட்டால் நான் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆன்ட்டி, உங்களைப் பற்றி என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். தாலி, வளையல் போடலாமா? சப்பாத்து என்ன வாங்குவது?

நேர்கோடு:
ஒருவர் போயிருக்கிறார் என்றால் வழி திறந்திருக்கிறது. ஆனால் அந்த ஈமெயிலை அழிக்காதே தங்கச்சி. ஒவ்வொரு புதனும் படிப்பு நேரம் கிடைத்ததா இல்லையா என்று ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வை. மூன்று மாதத்துக்கு ஒரு தரமாவது மனேஜர், டியூட்டர், நீ மூவரும் இருக்கிற ரிவ்யூ வரும், அன்றைக்கு அதைத் திறந்து மேசையில் வை.

தேம்ஸ்கரை:
வளையல், மணிக்கூடு, கல்லு மோதிரம் ஒன்றும் கூடாது, முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது என்பது விதி, கை கழுவுவதற்காக. கல்லு இல்லாத ஒற்றை மோதிரம் பெரும்பாலும் விடுவார்கள். நகத்துக்குப் பூச்சும் கூடாது. தாலிக்கு ஒவ்வொரு டிரஸ்டிலும் ஒவ்வொரு மாதிரி, கழுத்தில் தொங்குவதை நோயாளி பிடித்து இழுத்தால் ஆபத்து என்று சில இடத்தில் அனுமதிப்பதில்லை. யூனிஃபோர்ம் பொலிசியைக் கேட்டு வாசியுங்கோ. அனுமதித்தால் உள்ளே சட்டையோடு ஊசி குத்தி வையுங்கோ.

சப்பாத்து கறுப்பு, முன்னும் பின்னும் மூடினது, துடைக்கக் கூடியது, சத்தம் போடாதது. உங்கள் அளவைவிட அரை சைஸ் கூட வாங்குங்கோ, பின்னேரம் கால் வீங்கும். நெஞ்சில் குத்துகிற மணிக்கூடு ஒன்று, செக்கன் முள்ளு உள்ளதாக, தம்பி சொன்ன அந்த ஒரு நிமிடம் எண்ண வேண்டும் அல்லவா. ஒக்குபேஷனல் ஹெல்த்திலிருந்து (ஊழியர் சுகாதாரப் பிரிவு) கூப்பிடுவார்கள், ஊரில் போட்ட தடுப்பூசிக் காட் இருந்தால் எடுத்துப் போங்கோ, ஹெபடைட்டிஸ் பி தொடங்குவார்கள், பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பும் பார்ப்பார்கள். குற்றப் பின்னணி பார்க்கிற டி.பி.எஸ். செக்குக்கு ஐந்து வருட விலாசம் கேட்கும், ஊர் விலாசத்தையும் திகதியோடு சரியாக எழுதி வையுங்கோ, அதில்தான் பலருக்கு வாரக்கணக்கில் இழுபடுகிறது.